பணிவிடையா, திருப்பணியா?

உரோமப் பேரரசின் வரலாற்றைப் படிக்கும்போது கிறித்தவ சமயத்தின் தோற்றமும் பரவலும் நமக்குப் பாடமாக வருகின்றன. இயேசு பெருமான், அவருடைய 12 சீடர்கள், பவுல் அடிகளின் பயணங்கள், நீரோ மன்னனின் கொடுமை, கான்ஸ்டன்டைன் காலத்து 313ஆம் ஆண்டு மிலான் ஆணை என்று பாடம் விரைந்து சென்றுவிடும். தேர்வுக்கு அது போதும். ஆனால் எங்கள் வகுப்பில் எழுந்த ஒரு சிறு வினா, தேர்வு முடிந்த பின்னும் என்னை விடவில்லை.

"சார், தொழிலை விட்டுவிட்டு ஊர் ஊராக நடந்த அந்தப் பதின்மூன்று பேருக்கும் யார் சோறு போட்டார்கள்?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். வகுப்பே சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. லூக்கா எழுதிய நூலின் 8ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டு வா" என்றார். மறுநாள் அவள் விடையோடு வந்தாள். சில பெண்கள் தங்கள் சொத்திலிருந்து செலவு செய்தார்கள் என்பதே விடை. உடனே பின்வரிசையிலிருந்து ஒரு நண்பர், "அப்படியானால் அது சமையல், பணிவிடை, அதில் என்ன வரலாறு இருக்கிறது?" என்றார். மணி அடித்துவிட்டது. விவாதம் அங்கேயே நின்றுவிட்டது.

இக்கட்டுரை அந்த நண்பருக்கு நான் தரும் விடை. நான் அச்சமயத்தைச் சார்ந்தவள் அல்லேன். எனவே இதனைச் சமயச் சொற்பொழிவாக எவரும் கொள்ள வேண்டா. பழைய ஏடுகள் என்ன சொல்கின்றன, பிற்காலத்தார் அவற்றை எவ்வாறு படித்தனர் என்பதை ஒரு வரலாற்று மாணவியாக நின்று பார்க்கிறேன். பார்த்தபோது எனக்குத் தெரிந்த உண்மை இதுதான்: ஒரே வேலையை ஆண் செய்தால் அதற்குத் திருப்பணி என்று பெயர், பெண் செய்தால் பணிவிடை என்று பெயர். இந்த இரட்டை எடைக்கல்லைப் பழைய ஏடுகள் பெரும்பாலும் பயன்படுத்தவில்லை. பின்வந்தவர்களே அதைத் தராசில் வைத்தார்கள்.

பையை நிரப்பியவர்கள்

கலிலேயா ஏரிக்கரையில் பேதுருவும் அந்திரேயாவும், யாக்கோபும் யோவானும் வலையை விட்டு இயேசுவின் பின் சென்றனர். மத்தேயு சுங்கச் சாவடியை விட்டு எழுந்தார். இயேசுவும் தச்சுத் தொழிலை விட்டுவிட்டார். எல்லாரும் வருமானத்தைத் துறந்தவர்கள். ஆனால் பசியை யாரும் துறக்க இயலாது. நடக்கிறவர்களுக்கு உணவு வேண்டும், உடை வேண்டும், இரவில் தங்க இடம் வேண்டும். அக்கூட்டத்துக்கு ஒரு பொதுப் பணப்பை இருந்தது என்றும் அதை வைத்திருந்தவன் யூதாசு என்றும் யோவான் நூல் கூறுகிறது. பையை வைத்திருந்தவன் பெயரை உலகமே அறியும். அந்தப் பையை நிரப்பியவர்களின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

லூக்கா மூன்று பெயர்களைத் தருகிறார். மகதலா ஊர் மரியாள், ஏரோதின் காரியக்காரனாகிய கூசாவின் மனைவி யோவன்னாள், சூசன்னாள் ஆகியோர். 'இன்னும் பலர்' என்றும் சேர்க்கிறார். இவர்கள் வீட்டில் இருந்துகொண்டு நன்கொடை அனுப்பியவர்கள் அல்லர். ஊர் ஊராகவும் சிற்றூர் சிற்றூராகவும் இயேசு சென்றபோது, பன்னிருவரோடு இவர்களும் கூடச் சென்றார்கள் என்பதே அப்பகுதியின் பொருள். கொடுத்ததோடு நில்லாமல் உடன் நடந்தும் இருக்கிறார்கள்.

மரியாளின் பெயரைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அக்காலத்தில் ஒரு பெண்ணை இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று சொல்வதே வழக்கம். இவரோ ஊரின் பெயரால் அறியப்பட்டார். மகதலா ஏரியின் மேற்குக் கரையில் இருந்த ஊர். மீனை உப்பிட்டுப் பதப்படுத்தும் தொழிலைக் குறிக்கும் கிரேக்கப் பெயர் ஒன்றும் அவ்வூருக்கு இருந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 2009ஆம் ஆண்டு அங்கே தோண்டியபோது முதல் நூற்றாண்டைச் சேர்ந்த யூதத் தொழுகைக்கூடம் ஒன்று வெளிப்பட்டது. ஏழு பேய்கள் நீங்கி நலம் பெற்றவர் என்பதைத் தவிர மரியாளின் முன்வாழ்வைப் பற்றி லூக்கா வேறொன்றும் சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

யோவன்னாளின் நிலை இன்னும் வியப்புக்குரியது. அவர் கணவன் பணி செய்தது கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பாவிடம். கி.பி. 39 வரை ஆண்ட அந்த மன்னன்தான் திருமுழுக்கு யோவானைச் சிறையிலிட்டுத் தலையை வெட்டியவன். இயேசுவும் அவன் ஐயத்துக்கு ஆளானவர். அப்படிப்பட்ட அரண்மனையின் நிர்வாகி வீட்டுப் பெண், அரசன் ஐயுறும் ஒருவரோடு வெளிப்படையாக ஊர்வழி நடப்பது என்றால் என்ன பொருள்? கணவனின் பதவிக்கும் தன் பாதுகாப்புக்கும் வரக்கூடிய ஆபத்து அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? ஆபத்தை அறிந்து எடுத்த முடிவை 'உதவி' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது.

'அக்காலப் பெண்ணிடம் சொந்தச் சொத்து எங்கே இருந்தது?' என்று சிலர் கேட்கலாம். விடை மண்ணுக்குள்ளிருந்தே வந்திருக்கிறது. 1961ஆம் ஆண்டு சாக்கடலை ஒட்டிய குகை ஒன்றில் யிகயேல் யாதின் என்னும் தொல்லியலறிஞர் ஒரு பெண்ணின் ஆவணக் கட்டைக் கண்டெடுத்தார். பாபதா என்னும் யூதப் பெண்ணுடைய 35 ஆவணங்கள் அவை, கி.பி. 94 முதல் 132 வரையிலான காலத்தவை. அவளுக்குப் பேரீச்சந் தோப்புகள் இருந்தன. தன் மகனின் பராமரிப்புத் தொகைக்காக அவள் நீதிமன்றம் ஏறியிருக்கிறாள். தன் இரண்டாம் கணவனுக்கே 300 வெள்ளிப் பணம் கொடுத்து எழுத்து வாங்கியிருக்கிறாள். எல்லாப் பெண்களும் பாபதாக்கள் அல்லர்தாம். ஆயினும் தம் சொத்தைத் தம் விருப்பப்படி செலவிடும் பெண்கள் அச்சமூகத்தில் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஓடியவர்களும் நின்றவர்களும்

கலிலேயாவிலிருந்து பயணம் எருசலேமுக்குச் செல்கிறது. அங்கே இயேசு கைது செய்யப்பட்டார். சீடர்கள் அனைவரும் அவரை விட்டு ஓடிப்போனார்கள் என்று மாற்கு மறைக்காமல் எழுதுகிறார். பேதுரு மட்டும் தொலைவில் தொடர்ந்து வந்து, கடைசியில் அவரும் தெரியாது என்று மறுத்துவிடுகிறார். சிலுவை நாட்டப்பட்டபோது தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களாக மாற்கு பெயர் சொல்வது பெண்களையே. மகதலா மரியாள், சின்ன யாக்கோபுக்கும் யோசேக்கும் தாயான மரியாள், சலோமே ஆகியோர்.

இவ்விடத்தில் மாற்கு ஒரு செய்தியைச் சொல்கிறார். இயேசு கலிலேயாவில் இருந்த காலத்திலேயே இப்பெண்கள் அவரைப் பின்பற்றி அவருக்குத் தொண்டு செய்து வந்தவர்கள் என்றும், இவர்களைத் தவிர வேறு பல பெண்களும் அவரோடு எருசலேமுக்கு வந்திருந்தார்கள் என்றும் கூறுகிறார். இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாற்கின் நூலில் 16 அதிகாரங்கள். இச்செய்தி வருவது 15ஆம் அதிகாரத்தில்! அப்படியானால் முன்னே நாம் படித்த மலைப்பாதைகளிலும் படகுத்துறைகளிலும் இவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆண்கள் அனைவரும் மேடையை விட்டு ஓடி, மேடை வெறுமையான பிறகே பின்னால் நின்ற பெண்கள் நம் கண்ணில் படுகிறார்கள்.

அதற்குப் பின்னும் அவர்கள் கலையவில்லை. உடலை எங்கே வைத்தார்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். ஓய்வுநாள் கழிந்ததும் நறுமணப் பொருள்களோடு விடியற்காலையில் கல்லறைக்குச் சென்றவர்களும் அவர்களே. கல்லறை வெறுமையாக இருந்தது என்ற செய்தியை முதலில் கேட்டவர்கள் பெண்கள் என்பதில் நான்கு நூல்களும் ஒத்துப்போகின்றன. யார் யார் சென்றார்கள் என்பதில் அவை வேறுபடுகின்றன. ஆனால் மகதலா மரியாளின் பெயர் நான்கிலும் இருக்கிறது.

உயிர்த்தெழுதலை நம்புவதும் நம்பாமையும் அவரவர் உரிமை. வரலாற்று மாணவர்க்கு இதில் வேறொரு பயன் உண்டு. அக்காலத்தில் பெண்ணின் சாட்சிக்கு மதிப்புக் குறைவு. இப்பெண்கள் சொன்னதை அப்போஸ்தலர்களே வெறும் பேச்சாக எண்ணி நம்பவில்லை என்று லூக்கா எழுதுகிறார். இரண்டாம் நூற்றாண்டில் கெல்சு என்னும் கிரேக்க அறிஞர், பித்துப்பிடித்த ஒரு பெண்ணின் பேச்சை நம்பிய சமயம் என்று கிறித்தவத்தை எள்ளி நகையாடினார். ஊரார் நம்பும்படி கதை கட்டுபவர் எவரும் பெண்களைச் சாட்சியாக நிறுத்தியிருக்கமாட்டார். எனவே இப்பெண்களைப் பற்றிய நினைவு மிகப் பழையது, எளிதில் அழிக்க முடியாதபடி வேரூன்றியது என்று கொள்வதே பொருத்தம். ஆயினும் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதற் கடிதத்தில் சாட்சிகளின் பட்டியலைத் தரும்போது பேதுரு இருக்கிறார், பன்னிருவர் இருக்கிறார்கள், 500க்கு மேற்பட்ட சகோதரர் இருக்கிறார்கள், யாக்கோபு இருக்கிறார். மகதலா மரியாளின் பெயர் இல்லை. நான் சொன்ன எடைக்கல் தராசில் ஏறத் தொடங்கியதன் முதல் அறிகுறி இதுவோ என்று எண்ணத் தோன்றுகிறது.

வீடே கோயிலாக இருந்த காலம்

இயேசுவுக்குப் பின் 20, 25 ஆண்டுகளுக்குள் அவ்வியக்கம் கலிலேயச் சிற்றூர்களைக் கடந்து கிரேக்க நகரங்களுக்கும் உரோமாபுரிக்கும் சென்றுவிட்டது. அப்போது கோயில் கட்டடம் கிடையாது. வீட்டுக் கூடமே வழிபாட்டிடம். எனவே யாருடைய வீடு என்ற வினா மிக முக்கியமானது. வீட்டைத் திறந்துவிட்டவர், அதனால் வரும் பழியையும் ஏற்றவர் ஆகிறார்.

எருசலேமில் மாற்கு எனப்படும் யோவானின் தாய் மரியாளின் வீட்டில் பலர் கூடி வழிபட்டனர். பிலிப்பி நகரில் ஆற்றங்கரையில் கூடியிருந்த பெண்களிடம் பவுல் பேசினார். அவர்களுள் தியத்தீரா ஊரைச் சேர்ந்த லீதியாள் என்னும் இரத்தாம்பர வணிகப் பெண் இருந்தாள். அவள் வீட்டார் அனைவரோடும் திருமுழுக்குப் பெற்று, பவுலையும் உடன் வந்தோரையும் வற்புறுத்தித் தன் வீட்டில் தங்க வைத்தாள். பவுலும் சீலாவும் சிறையிலிருந்து வெளிவந்ததும் நேரே சென்றது அவள் வீட்டுக்குத்தான். அந்தப் பிலிப்பிச் சபையே பின்னாளில் பவுலுக்குப் பொருளுதவி அனுப்பியது. அதே சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்னும் இருவர் தம்மோடு நின்று பாடுபட்டவர்கள் என்று பவுல் எழுதுகிறார்.

பிரிஸ்கில்லாளும் அவள் கணவன் ஆக்கில்லாவும் கூடாரத் தொழிலாளர்கள். கிளாடியசு பேரரசன் யூதர்களை உரோமாபுரியிலிருந்து வெளியேற்றியபோது கொரிந்துக்கு வந்து சேர்ந்தவர்கள். பவுலுக்கும் அதே தொழில் ஆதலால் அவர்களோடு தங்கி உழைத்தார். எபேசு நகரில் அப்பொல்லோ என்னும் கற்றறிந்த பேச்சாளருக்கு இருவரும் சேர்ந்து சமய நெறியைத் திருத்தமாகக் கற்பித்தார்கள். இத்தம்பதியர் பெயர் புதிய ஏற்பாட்டில் 6 இடங்களில் வருகிறது. பழைய கையெழுத்துப் படிகளின்படி அவற்றுள் 4 இடங்களில் மனைவியின் பெயரே முன்னே நிற்கிறது. திருமண அழைப்பிதழ்கூட மணமகன் பெயரை முன்னே போடும் நாட்டில் வாழும் நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

பவுல் ஏறத்தாழ 57ஆம் ஆண்டில் உரோமருக்கு எழுதிய கடிதத்தின் கடைசி அதிகாரத்தைப் பலரும் வெறும் பெயர்ப் பட்டியல் என்று தள்ளிவிடுவர். நான் அதை எண்ணிப் பார்த்தேன். அதில் 10 பெண்கள் வருகின்றனர். எண்மர் பெயரோடும், இருவர் தாய், சகோதரி என்ற உறவு முறையோடும் குறிக்கப்படுகின்றனர். மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்னும் நால்வரைப் பற்றி, 'பாடுபட்டு உழைத்தவர்கள்' என்ற பொருள்படும் சொல்லைப் பவுல் பயன்படுத்துகிறார். அதே சொல்லைத்தான் அவர் வேறிடங்களில் தம் சொந்தப் பணிக்கும் பயன்படுத்துகிறார். அந்த அதிகாரத்தில் ஆண்கள் எவருக்கும் அச்சொல் இல்லை.

ஒரு சொல், இரண்டு எடை

அந்தப் பட்டியலின் தலையில் நிற்பவர் பெபேயாள். கொரிந்தின் கிழக்குத் துறைமுகமான கெங்கிரேயாவைச் சேர்ந்தவர். பவுலின் கடிதத்தை உரோமாபுரிக்கு எடுத்துச் சென்றவர் அவரே என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அவரைப் பவுல் இரண்டு சொற்களால் அறிமுகம் செய்கிறார். ஒன்று, பலருக்கும் தமக்கும் 'புரவலர்' என்ற பொருள் தருவது. மற்றொன்று, கெங்கிரேயா சபையின் 'தியாகோனோஸ்' என்பது. இன்று திருச்சபையில் டீக்கன் என்கிறோமே, அதன் மூலச் சொல் இதுவே.

இச்சொல்லின் கதைதான் என் வாதத்தின் அச்சாணி. எப்பாப்பிரா, தீகிக்கு முதலிய ஆண்களுக்கும் பவுலின் பெயரால் வழங்கும் கடிதங்களில் இதே சொல் வருகிறது. 1611ஆம் ஆண்டு வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த ஆண்கள் 'மினிஸ்டர்' ஆனார்கள். பெபேயாளோ 'சர்வன்ட்' ஆனார். ஒரே கிரேக்கச் சொல், ஆண் தோளில் ஏறியபோது பதவியானது. பெண் தோளில் ஏறியபோது வேலைக்காரி என்றானது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இவ்வகையில் நேர்மையானது என்றே சொல்வேன். அது ஆணை ஊழியக்காரன் என்றும் பெபேயாளை ஊழியக்காரி என்றும் ஒரே வேர்ச்சொல்லால் குறித்தது. ஆனால் அச்சொற்களைக் கேட்கும் நம் செவி நேர்மையாக இருக்கிறதா? 'ஊழியர்' என்றதும் மேடையில் நிற்கும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். 'ஊழியக்காரி' என்றதும் அடுக்களையில் நிற்கும் ஒருத்தி நினைவுக்கு வருகிறாள்.

சபையில் இப்பெயரைத் தாங்கியவர்கள் செல்வப் பெண்கள் மட்டும் அல்லர். ஏறத்தாழ 112ஆம் ஆண்டில் பித்தினியா நாட்டு ஆளுநரான பிளினி, பேரரசன் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறித்தவர்களைப் பற்றிய உண்மையை அறிய, அடிமைப் பெண்கள் இருவரைச் சித்திரவதை செய்து விசாரித்ததாக அதில் குறிக்கிறார். அவர்கள் 'மினிஸ்திரே' என்று அழைக்கப்பட்டார்கள் என்றும் சொல்கிறார். இந்த இலத்தீன் சொல்லின் வேரிலிருந்தே ஆங்கில 'மினிஸ்டர்' என்ற சொல்லும் பிறந்தது. எண்ணிப் பாருங்கள்! ஒரு சபையின் செய்தி முழுவதையும் அறிந்தவர்கள் என்று ஆளுநர் தேர்ந்தெடுத்தது இரண்டு அடிமைப் பெண்களை. கொடுக்க அவர்களிடம் சொத்து இல்லை. உடல் ஒன்றே இருந்தது. அதில் அடியும் வேதனையும் ஏற்றார்கள். பிளினி அவர்கள் பெயரைக் கேட்டு எழுதவில்லை. நமக்கு அப்பெயர்கள் கிடைக்கப்போவதும் இல்லை.

பெயர்கள் மறைந்த விதம்

பெயர் கிடைத்தவர்களுக்கேனும் நீதி கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. மூன்று சான்றுகள் காட்டுகிறேன்.

முதலாவது யூனியாள். உரோமருக்கு எழுதிய கடிதத்தில் அன்றோனீக்கோடு சேர்த்து, அப்போஸ்தலருக்குள் பெயர் பெற்றவராகவும் தம்மோடு சிறையிலிருந்தவராகவும் பவுல் இவரைக் குறிக்கிறார். நான்காம் நூற்றாண்டில் யோவான் கிறிசோஸ்தோம் இவரைப் பெண்ணென்றே கொண்டு, அப்போஸ்தலர் என்னும் பெயருக்கே தகுதி பெற்றாரே என்று வியந்து பாராட்டினார். பிற்காலத்தில் 'ஒரு பெண் எப்படி அப்போஸ்தலர் ஆவாள்?' என்று எண்ணியவர்கள் அவரை 'யூனியாஸ்' என்னும் ஆணாக்கிவிட்டனர். கிரேக்க எழுத்தில் இம்மாற்றத்துக்குத் தேவையானது மேலே இடும் ஒரு சிறு ஒலிக்குறி மட்டுமே. மூலப் படிகளில் அக்குறிகள் கிடையா. யூனியாள் என்ற பெண்பெயர் உரோமக் கல்வெட்டுகளில் ஏராளம். யூனியாஸ் என்ற ஆண்பெயரோ பழைய கல்வெட்டு எதிலும் கிடைக்கவில்லை. ஆயினும் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அறிஞர் கையிலிருந்த கிரேக்கப் பதிப்பு ஆண்பெயரையே அச்சிட்டது. அப்போஸ்தலர் நன்கு அறிந்தவர் என்று மட்டுமே பொருள் கொள்வாரும் உளர். அது விவாதத்துக்குரியது. ஆனால் பெண் என்பது இன்று விவாதத்துக்குரியது அன்று.

இரண்டாவது மகதலா மரியாள். லூக்கா நூலின் 7ஆம் அதிகாரத்தில், இயேசுவின் காலைக் கண்ணீரால் நனைத்த பெயரில்லாத ஒரு பாவிப்பெண் வருகிறாள். அடுத்த அதிகாரத்தில் மகதலா மரியாளின் பெயர் வருகிறது. இருவரும் ஒருவரே என்று அந்நூல் சொல்லவில்லை. 591ஆம் ஆண்டில் திருத்தந்தை பெரிய கிரகோரி ஆற்றிய மறையுரையில் அப்பாவிப் பெண்ணையும், பெத்தானியா மரியாளையும், மகதலா மரியாளையும் ஒருவராக்கினார். அன்றுமுதல் மேலைநாட்டு ஓவியங்களிலும் கதைகளிலும் அவர் திருந்திய விலைமகளாகவே காட்சி தந்தார். கிழக்குத் திருச்சபைகள் இக்கலப்பை ஏற்கவில்லை. 1969ஆம் ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபை தன் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது இக்கலப்பைக் கைவிட்டது. 2016இல் திருத்தந்தை பிரான்சிசு காலத்தில் அவருடைய நினைவு நாள், அப்போஸ்தலர்களின் நாள்களுக்கு நிகரான விழாவாக உயர்த்தப்பட்டது. ஒரு பெண் மேல் விழுந்த பழி விலக ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் ஆயின. வள்ளலாகவும் சாட்சியாகவும் இருந்தவரை நாம் கண்ணீரும் கூந்தலுமாக மட்டுமே அறிந்திருந்தோம்.

மூன்றாவது பிரிஸ்கில்லாள். அப்பொல்லோவுக்குக் கற்பித்த இடத்தில் பழைய படிகளில் அவள் பெயர் முன்னே இருக்கிறது. பிற்காலப் படிகள் பலவற்றில் கணவன் பெயர் முன்னே வந்துவிட்டது. அவற்றைப் பின்பற்றிய மொழிபெயர்ப்புகளிலும் அப்படியே வந்தது. எங்கோ ஒரு படியெடுப்பவரின் எழுதுகோல் சற்றே இடம் மாற்றியது. ஓர் ஆசிரியை ஆசிரியரின் மனைவியாகிவிட்டாள்.

மறுப்புகளுக்கு விடை

'பன்னிருவரும் ஆண்களே அல்லவா?' என்பது முதல் மறுப்பு. உண்மைதான். இசுரவேலின் 12 குலங்களுக்கு அடையாளமாக அமைந்த எண் அது. பன்னிருவர் ஆண்கள் என்பதால் பின்பற்றியவர் அனைவரும் ஆண்கள் ஆகிவிட மாட்டார்கள்.

'பெண்கள் சபையில் பேசாதிருக்க வேண்டும் என்று பவுலே எழுதியிருக்கிறாரே?' என்பது இரண்டாவது. இதை மறைக்க நான் விரும்பவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதற் கடிதத்தின் 14ஆம் அதிகாரத்தில் அப்படி இருக்கிறது. ஆனால் அதே கடிதத்தின் 11ஆம் அதிகாரம் சபையில் பெண்கள் வேண்டுதல் செய்வதையும் இறைவாக்கு உரைப்பதையும் இயல்பாக ஏற்றுப் பேசுகிறது. 14ஆம் அதிகாரத்து அவ்வரிகள் சில கையெழுத்துப் படிகளில் இடம் மாறிக் கிடப்பதால், அவை பின்னர்ச் சேர்ந்தவை என்று கருதும் அறிஞரும் உளர். பெண் கற்பிக்கலாகாது என்னும் திமோத்தேயுவுக்கான முதற் கடிதத்தைப் பவுலுக்குப் பின் வந்தவர் எழுதியது என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். எப்படியாயினும் ஒன்று தெளிவு. பேசாதே என்று சொல்ல வேண்டியிருந்தது என்றால், அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதுதானே பொருள்?

இன்னொரு பக்கத்தில் ஒரு மிகைக்கூற்றும் உண்டு. 'யூதப் பெண்கள் அனைவரும் அடிமைகளாக இருந்தனர். கிறித்தவமே அவர்களை விடுவித்தது' என்பர். இதையும் நான் ஏற்கவில்லை. மரியாளும் யோவன்னாளும் சூசன்னாளும் யூதப் பெண்களே. அவர்கள் கையிலிருந்த சொத்தும் காலிலிருந்த துணிவும் அவர்கள் பிறந்த சமூகத்திலேயே விளைந்தவை. ஒருவரை உயர்த்துவதற்காக மற்றொரு சமூகத்தைத் தாழ்த்துவது வரலாறு ஆகாது.

நண்பருக்கு ஒரு சொல்

இனி என் வகுப்பு நண்பரின் வினாவுக்கு வருகிறேன். 'சமையல், பணிவிடை, அதில் என்ன வரலாறு?' என்றாரே, அதற்கு.

மாற்கு தம் நூலில், 'தொண்டு செய்தல்' என்னும் பொருளுடைய அந்தக் கிரேக்க வினைச்சொல்லை நான்கே இடங்களில் பயன்படுத்துகிறார். பாலைவனத்தில் இயேசுவுக்குத் தொண்டு செய்த வானதூதர்களுக்கு ஒருமுறை. காய்ச்சல் நீங்கியதும் எழுந்து உபசரித்த பேதுருவின் மாமியாருக்கு ஒருமுறை. தாம் தொண்டு பெற வரவில்லை, தொண்டு செய்யவே வந்ததாகச் சொல்லும் இயேசுவுக்கு ஒருமுறை. கடைசியாக, சிலுவையின் எதிரே நின்ற இப்பெண்களுக்கு. பன்னிரு சீடர்கள் செய்ததாக அவ்வினைச்சொல் ஓரிடத்திலும் இல்லை!

ஆகவே அவர்கள் செய்தது பணிவிடைதான் என்று நண்பர் சொன்னால், நான் மறுக்கமாட்டேன். ஆனால் அவர்களுடைய குரு தம் வாழ்நாள் வேலைக்கு இட்ட பெயரும் அதுவேதான் என்று சேர்த்துச் சொல்வேன். ஒன்று, இருவர் செய்ததையும் பணிவிடை என்று சொல்லுங்கள். அல்லது இருவர் செய்ததையும் திருப்பணி என்று சொல்லுங்கள். ஆளுக்கு ஓர் எடைக்கல் வேண்டா.

எந்த இயக்கத்தின் வரலாற்றைப் படித்தாலும், பேசியவர் யார் என்று கேட்பதோடு, அவர்கள் பசியாறியது யார் பணத்தில், கூடியது யார் வீட்டில், எல்லாரும் ஓடிய பின் நின்றது யார் என்றும் கேட்கக் கற்றுக்கொள்வோம். அன்று என் தோழி கேட்டபோது வகுப்போடு சேர்ந்து நானும் சிரித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த தேர்வில் அப்பாடத்திலிருந்து வினா வந்தால், பன்னிருவர் பெயரோடு மகதலா மரியாள், யோவன்னாள், சூசன்னாள் என்னும் மூன்று பெயர்களையும் எழுதுவேன். மதிப்பெண் கிடைக்குமோ கிடைக்காதோ, அறியேன். சிரித்ததற்கு அதுவே என் கழுவாய்.